தாய் சமையலும் தேய்க்கிற பாத்திரமும்

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையை அதிகம் மாற்றாமல், படிக்க வசதியாகத் தொகுத்திருக்கிறோம்.)

இன்னிக்கு எபிசோடு முழுக்க சாப்பாடுதான். பசியோட இருக்கிறவங்க தயவுசெய்து சாப்பிட்டுட்டு வந்து கேளுங்க. அப்புறம் என்னைத் திட்டக்கூடாது.

போன வருஷம் ஒரு சாயங்காலம் அம்மாவுக்கு போன் பண்ணி, "எம்மா, பத்து நாள் லீவு போட்டிருக்கேன். தாய் சமையல் கத்துக்கப் போறேன்"னு சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் கேட்டாங்க:

"தாய் சமையல் கத்துக்க இன்னாத்துக்குடா பிளேன்ல போவணும்? நான் இங்கதான கீறேன்?"

நான் விழுந்து விழுந்து சிரிச்சேன். ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் சொல்லிச் சொல்லிச் சிரிச்சேன். அது வெறும் ஜோக் இல்லைன்னு புரிய எனக்கு ரெண்டு மாசம் ஆச்சு. அந்தக் கதையைத்தான் இன்னிக்குச் சொல்லப் போறேன்.

எங்க ஊர் பெருநகர். பேரைப் பார்த்து பெரிய சிட்டின்னு நினைச்சிடாதீங்க. உத்திரமேரூர் தாலுகாவுல, காஞ்சிபுரத்துல இருந்து வந்தவாசி போற ரோட்டுல இருக்கிற கிராமம். தைப்பூசத்துக்குச் சுத்துவட்டாரத்து ஊர் சாமிங்க எல்லாம் செய்யாத்துல வந்து கூடுமே, அந்தப் பெருநகர். நான் இப்போ சென்னையில வேலை பார்க்கிறேன். மாசத்துக்கு ஒரு தடவை ஊருக்குப் போவேன். போனா சாப்பிடுவேன், தூங்குவேன், டப்பாவுல பொடியும் ஊறுகாயும் கட்டிக்கிட்டுத் திரும்பி வருவேன். சமையல்ல என் பங்கு அவ்வளவுதான்.

ஏன் சியாங் மாய்?

2023 நவம்பர்ல இருந்து தாய்லாந்து போக இந்தியர்களுக்கு விசா வேண்டாம்னு அறிவிச்சாங்க. அப்போ இருந்தே என் பிளான் இதுதான். பீச் வேண்டாம், பார்ட்டி வேண்டாம், சாப்பிடுறதுக்காக மட்டும் ஒரு டூர். பாங்காக்ல மூணு நாள் தெருக்கடை தெருக்கடையா சாப்பிட்டேன். அப்புறம் ராத்திரி ரயிலைப் பிடிச்சு வடக்கே சியாங் மாய் போனேன்.

தாய் சமையல் கத்துக்கணும்னு வர்றவங்கள்ல நிறைய பேர் அந்த ஊருக்குத்தான் போறாங்க. சியாங் மாய் தாய் குக்கரி ஸ்கூல்னு ஒண்ணு 1993-லயே அங்க ஆரம்பிச்சாங்க. இப்போ தெருவுக்கு ஒரு வகுப்பு இருக்குன்னு சொன்னா பெரிய பொய் இல்லை. அரசாங்கமும் சாப்பாட்டை ஒரு தூதுவர் மாதிரி பயன்படுத்துது. வெளிநாடுகள்ல தாய் உணவகங்களைப் பெருக்க 2002-ல 'குளோபல் தாய்'னு ஒரு திட்டமே போட்டாங்க. 2024-ல டாம் யம் குங், அதாவது இறால் போட்ட அந்தப் புளிப்புக் காரச் சூப், யுனெஸ்கோவோட பண்பாட்டு மரபுப் பட்டியல்ல சேர்ந்தது.

நான் சேர்ந்தது ஒரு சின்ன வகுப்பு, ஒரு நாள் முழுக்க. கட்டணம் 1,200 பாட். நான் மாத்தின ரேட்டுக்குச் சுமார் 3,000 ரூபாய். எங்களோட சேர்ந்து எட்டு பேர். ஒரு ஜெர்மன் ஜோடி, ஒரு கொரியப் பொண்ணு, ஆஸ்திரேலியாவுல இருந்து அப்பாவும் மகளும், பெங்களூர்ல இருந்து ரெண்டு தோழிகள், அப்புறம் பெருநகர்ல இருந்து நான்.

சந்தையில கிடைச்ச அதிர்ச்சி

காலையில ஒன்பது மணிக்கு நம்ம ஷேர் ஆட்டோவுக்கு அண்ணன் மாதிரி ஒரு வண்டி வந்து எங்களை ஏத்திக்கிச்சு. பேரு சாங்தேவ். பின்னாடி எதிரும் புதிருமா ரெண்டு பெஞ்சு. நேரா சோம்பெட் சந்தைக்குப் போச்சு.

டீச்சர் முதல்ல ஒரு வாக்கியம் சொல்லிக் கொடுத்தாங்க. "கின் காவ் ரூ யாங்?" அதுக்கு அர்த்தம், "சோறு சாப்பிட்டாச்சா?" அங்க ஒருத்தரைப் பார்த்தா நலம் விசாரிக்கிற மாதிரி இதைத்தான் கேட்பாங்களாம். ஜெர்மன்காரங்களுக்கு அது வேடிக்கையா இருந்துச்சு. எனக்கு எங்க தெரு ஞாபகம் வந்துடுச்சு. பதில், "கின் லேவ்." சாப்பிட்டாச்சு. இந்த ரெண்டு வாக்கியத்தையும் ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வரும்.

அப்புறம் டீச்சர் ஒவ்வொரு பொருளா எடுத்துக் காட்ட ஆரம்பிச்சாங்க. ஒரு கட்டு இலையைக் கசக்கி மூக்குகிட்ட நீட்டினாங்க. "க்ரபாவ்." முகர்ந்தா, துளசி! தாய் உணவகத்துல 'பாட் க்ரபாவ்'னு ஆர்டர் பண்றீங்களே, அது துளசி போட்டு வதக்கின கறி. பெங்களூர் தோழி ஒருத்தங்க, "இதை எங்க வீட்ல சுத்தி வந்து கும்பிடுவோம்"னு சொன்னாங்க. டீச்சர் சிரிச்சுட்டு, "நாங்க மிளகாய் போட்டு வதக்குவோம்"னாங்க. இன்னொரு கட்டு 'ஹோரபா'. அது நம்ம திருநீற்றுப்பச்சிலையோட இனம். சப்ஜா விதை கொடுக்குமே, அந்தச் செடியோட சொந்தக்காரன்.

'கா'ன்னு ஒரு கிழங்கு. இஞ்சி மாதிரி இருக்கு, ஆனா இஞ்சி இல்லை. அது பேரரத்தை. சளி பிடிச்சா நாட்டு மருந்துக் கடையில சித்தரத்தை வாங்கி அடக்கிப்போமே, அதோட அண்ணன். நமக்கு மருந்து, அவங்களுக்குக் குழம்பு.

அடுத்த கடையில ஒரு பச்சைக் கொத்து. டீச்சர் 'மகுவா புவாங்'னு சொல்லி முடிக்கிறதுக்குள்ள நான் கத்திட்டேன், "சுண்டைக்காய்!" எங்க வீட்டுப் பின்பக்கம் தானா முளைச்சு, தானா காய்க்கிற சுண்டைக்காய். நாம மோர்ல ஊறப்போட்டு வத்தல் போடுவோம். அவங்க பச்சையாவே கிரீன் கறியில போடுறாங்க.

நம்ம ஆளுங்க உடனே, "பார்த்தியா, எல்லாம் இங்க இருந்து போனதுதான்"னு ஆரம்பிச்சிடுவோம். பொறுங்க. தாய்லாந்தோட தென்பகுதியில தகுவாபாங்கிற இடத்துல 9-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைச்சிருக்கு. அதுல 'அவனிநாரணம்'னு ஒரு குளத்தோட பேரும், மணிக்கிராமம்ங்கிற வணிகக் குழுவோட பேரும் வருது. அவனிநாரணன்ங்கிறது காஞ்சிபுரத்துல இருந்து ஆண்ட பல்லவன் மூன்றாம் நந்திவர்மனோட பட்டப்பெயர். காஞ்சிபுரத்துக்காரனா எனக்கு அதுல பெருமைதான். ஆனா போக்குவரத்து இருந்துச்சுன்னு சொல்லலாம், சமையல் நம்மகிட்ட இருந்து போச்சுன்னு சொல்ல முடியாது. மிளகாயையே எடுத்துக்கோங்க. அது ரெண்டு ஊருக்கும் சொந்தமில்லை. அமெரிக்கக் கண்டத்துல பிறந்து, போர்ச்சுக்கீசியர் காலத்துல நம்ம பக்கம் வந்த பொருள். அதுக்கு அவங்க வச்ச பேரைக் கேளுங்க: 'ப்ரிக் கீ நூ'. எலிப்புழுக்கை மிளகாய். வடிவத்துக்கு ஏத்த பேர்தான்.

உரலும் தேங்காய்ப்பாலும்

வகுப்புல ஆளுக்கு ஒரு கல் உரல் கொடுத்தாங்க. கிரீன் கறிக்கு மசாலா இடிக்கணும். டீச்சர் சொன்ன விதி ஒண்ணுதான்: காய்ஞ்சதும் கெட்டியானதும் முதல்ல, ஈரமானது கடைசியில. வறுத்த மல்லி, சீரகம், அப்புறம் உப்பு சேர்த்துப் பச்சை மிளகாய். அப்புறம் பேரரத்தை, எலுமிச்சம்புல், மக்ரூட் எலுமிச்சைத் தோல், கொத்தமல்லி வேர். ஆமா, நாம கிள்ளித் தூக்கிப் போடுற அதே வேர்தான். கடைசியா பூண்டு, சின்ன வெங்காயம், 'கபி'ங்கிற இறால் விழுது.

"மிக்ஸியில போட்டா என்ன?"ன்னு கேட்டேன். "தண்ணி ஊத்தாம மிக்ஸி சுத்தாது. தண்ணி சேர்ந்த மசாலா வதங்காது, வேகும். ரெண்டும் வேற"ன்னாங்க. எனக்கு அது பெரிய திறப்பா இருந்துச்சு. எதை எப்போ போடணும்னு மட்டும் இல்லாம, ஏன் போடணும்னு ஒருத்தர் எனக்குச் சொன்னது அதுதான் முதல் தடவை. நியாயமாப் பார்த்தா, நான் கேட்டதும் அதுதான் முதல் தடவை.

அடுத்து தேங்காய்ப்பால். கெட்டியான முதல் பாலைக் கடாய்ல ஊத்தி, எண்ணெய் பிரியுற வரைக்கும் கொதிக்க விடணும். அந்த எண்ணெய்லதான் மசாலாவை வதக்கணும். அப்புறம் காய், கறி, ரெண்டாம் பால். கடைசியில மீன் சாஸ், பனைவெல்லம், ஹோரபா இலை. அளவு கேட்டா சொல்ல மாட்டாங்க. கையில ஒரு ஸ்பூனைக் கொடுத்து "சிம்"னு சொல்வாங்க. சிம்னா ருசி பாருன்னு அர்த்தம். புளிப்பு, உப்பு, இனிப்பு, காரம், நாலும் சண்டை போடாம நிக்கிற வரைக்கும் ருசி பார்த்துக்கிட்டே இருக்கணும்.

சாயங்காலத்துக்குள்ள ஆறு ஐட்டம் சமைச்சு முடிச்சேன். பாட் தாய், டாம் யம், பப்பாளிக்காய் சாலட், கிரீன் கறி, வடக்குப் பக்கத்து நூடுல்ஸ் குழம்பான காவ் சோய், மாம்பழமும் ஒட்டரிசிச் சோறும். எனக்கு நானே மாஸ்டர் செஃப் பட்டம் கொடுத்துக்கிட்டேன்.

கை கழுவ இடம் தேடிப் பின்பக்கம் போனேன். ரெண்டு பெண்கள் குந்தி உட்கார்ந்திருந்தாங்க. முன்னாடி மூணு பெரிய டப். நாங்க எட்டு பேரு, ஆளுக்கு ஆறு ஐட்டம் சமைச்ச கடாயும் கிண்ணமும் தட்டும் மலை மாதிரி குவிஞ்சு கிடந்துச்சு. பக்கத்துல ஒரு கூடையில அடுத்த நாள் வகுப்புக்கு உரிச்சு வச்ச பூண்டு. அப்போதான் உறைச்சுது. காலையில இருந்து நான் ஒரு பூண்டு கூட உரிக்கலை. எல்லாமே குட்டிக் கிண்ணங்கள்ல தயாரா வந்துச்சு. ஒரு ஐட்டம் முடிஞ்சு திரும்பினா அழுக்குக் கடாய் காணாமப் போயி, புதுக் கடாய் வந்திருந்துச்சு.

அதுல வயசான அம்மா என்னைப் பார்த்துச் சிரிச்சு, "கின் காவ் ரூ யாங்?"னு கேட்டாங்க. "கின் லேவ்"னு பெருமையாச் சொன்னேன். கத்துக்கிட்ட வாக்கியத்தை வீணாக்கக் கூடாதுன்னு திருப்பி அவங்களையும் கேட்டேன். அவங்க கையை ஆட்டி, முன்னாடி இருந்த டப்பைக் காட்டினாங்க. இன்னும் இல்லை.

மணி நாலு இருக்கும். எனக்கு ஒரு மாதிரி ஆச்சு. ஆனா வெளியில வண்டி வந்துடுச்சு, போயிட்டேன். ஹோட்டலுக்குப் போயி ஆறு ஐட்டத்தோட போட்டோவையும் போட்டேன். அந்த அம்மாவை அன்னைக்கே மறந்துட்டேன்னுதான் சொல்லணும்.

பெருநகர்ல கிரீன் கறி

திரும்பி வந்து, ரெண்டு வாரம் கழிச்சு ஒரு ஞாயித்துக்கிழமை ஊருக்குப் போனேன். சென்னை சூப்பர் மார்க்கெட்ல எலுமிச்சம்புல், பேரரத்தை, டப்பாவுல அடைச்ச தேங்காய்ப்பால் எல்லாம் வாங்கிக்கிட்டேன். "இன்னிக்கு நீ அடுப்பாண்ட வரக்கூடாது, நான்தான் சமையல்"னு அம்மாகிட்ட சொல்லிட்டேன்.

அம்மா வாசப்படியில உட்கார்ந்து பார்த்தாங்க. இறால் விழுதை மோந்து பார்த்துட்டு, "நம்ம சென்னாக்குனி நாத்தமாட்டம் கீதுடா"ன்னாங்க. சரியாப் பிடிச்சாங்க. ரெண்டுமே பொடி இறால்தான். நம்ம ஊர்ல காய வைக்கிறோம், அவங்க உப்பு போட்டுப் புளிக்க வைக்கிறாங்க. சுண்டைக்காய்க்கு மட்டும் பின்பக்கம் போனா போதும்.

சொதப்பல் எங்க வந்துச்சுன்னா, டப்பாப் பால்ல எண்ணெய் பிரியவே இல்லை. பிரியாம இருக்கத்தான் அதுல ஏதோ சேர்க்கிறாங்கன்னு பின்னாடி படிச்சேன். அம்மா எழுந்து வந்து பார்த்துட்டு, "தேங்கா வூட்லயே கெடக்குது, இன்னாத்துக்கு டப்பா? துருவி, நீயே பிழி"ன்னாங்க. எப்பவும் என் கையில இருந்து பிடுங்கி அவங்களே செய்வாங்க. அன்னைக்கு நீயே பிழின்னாங்க. பரவாயில்லையே, அம்மாவும் டீச்சர் ஆயிட்டாங்கன்னு நினைச்சேன். பிழிஞ்சேன். பத்து நிமிஷத்துல எண்ணெய் பிரிஞ்சு வந்துச்சு.

சாப்பிட்டுட்டு, "நல்லாத்தான் கீது. தித்திப்பு மட்டும் தூக்கல்"னாங்க. அப்பா ரெண்டாவது தடவை வாங்கிக்கிட்டாரு. நான் தட்டை அழகா வச்சு போட்டோ எடுத்து, மொட்டை மாடிக்குப் போயி போஸ்ட் பண்ணி, வர்ற லைக்கை எல்லாம் எண்ணி முடிச்சு, ஒரு மணி நேரம் கழிச்சு இறங்கி வந்தேன்.

பின்பக்கம் குழாயடியில அம்மா குந்தி உட்கார்ந்திருந்தாங்க. முன்னாடி நான் போட்ட பாத்திரம் அத்தனையும். கடாய், மிக்ஸி ஜார், வடிகட்டி, துருவல் தட்டு, ஆளுக்கு ரெண்டு கிண்ணம். அப்புறம் எண்ணிப் பார்த்தேன், 17. எனக்கு அந்த சியாங் மாய் அம்மா ஞாபகம் வந்தாங்க. அதே உட்காரல், அதே முதுகு.

இன்னொண்ணும் கவனிச்சேன். அம்மா இடது கையால தேய்ச்சுக்கிட்டு இருந்தாங்க. அவங்க இடது கைக்காரங்க இல்லை.

"கைக்கு என்னம்மா?"

"மணிக்கட்டு நோவுது. முறுக்க முடியல, பிழிய முடியல. அதுக்கின்னா, போவும்."

"எப்போ இருந்து?"

"போன தைப்பூசத்துல இருந்து."

அது ஆவணி மாசம். ஏழு மாசம் ஆச்சு. அந்த ஏழு மாசத்துல ஏழு தடவை ஊருக்குப் போயி, அவங்க அரைச்ச சட்னியைச் சாப்பிட்டு, அவங்க பிழிஞ்ச முறுக்கைக் கட்டிக்கிட்டு வந்திருக்கேன். மக்ரூட் எலுமிச்சை இலைக்கும் நாரத்தை இலைக்கும் வாசனையில என்ன வித்தியாசம்னு எனக்குத் தெரியும். எங்க அம்மாவால கையை முறுக்க முடியலைங்கிறது தெரியாது.

இப்போ நடக்கிற வகுப்பு

மறுநாள் லீவு போட்டு, காஞ்சிபுரத்துல டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். கையில கட்டு போட்டு, ஆறு வாரத்துக்குத் துணி முறுக்கக்கூடாது, கனம் தூக்கக்கூடாதுன்னாரு. இப்போ எவ்வளவோ பரவாயில்லை.

அப்போ இருந்து ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் ஊருக்குப் போறேன். எனக்கும் அம்மாவுக்கும் வகுப்பு நடக்குது. கட்டணம் பஸ் டிக்கெட் மட்டும்தான். ஒரே நிபந்தனை, காய் வாங்குறதுல ஆரம்பிச்சு, கடைசிக் கரண்டி கழுவி கவுத்துற வரைக்கும் நான்தான் செய்யணும். அம்மா வாசப்படியில உட்கார்ந்து சொல்வாங்க. அப்பாவும் இப்போ பூண்டு உரிக்கிறாரு. முப்பது வருஷத்துல அதுதான் முதல் தடவைன்னு அம்மா அக்கம்பக்கத்துல எல்லாம் சொல்லிட்டாங்க.

சியாங் மாய் வீண்னு நான் சொல்லலை. அங்க போகலைன்னா எனக்குக் கேள்வி கேட்கவே தெரிஞ்சிருக்காது. முன்னாடி "எவ்வளவும்மா?"ன்னு கேட்பேன். "கண்ணளவுதான்"னு சொல்வாங்க. அதோட நின்னுடும். இப்போ "எது முதல்ல? ஏன்? இந்த இடத்துல ருசி எப்படி இருக்கணும்?"னு கேட்கிறேன். அப்படிக் கேட்டா அம்மாகிட்ட பதில் இருக்கு. புளித்தண்ணி பச்சை வாசனை போறதுக்கு முன்னாடி உப்பு பார்க்காத, ஏமாந்துடுவேன்னாங்க. டீச்சர் சொன்ன 'சிம்' அதுதான்.

நீங்க போகப் போறீங்கன்னா

நிறைய பேர் மெசேஜ்ல கேட்டீங்க, அதனால சுருக்கமா சொல்லிடறேன். சந்தைக்குக் கூட்டிட்டுப் போற வகுப்பா பாருங்க, பாதி பாடம் அங்கதான். பத்து பேருக்கு மேல சேர்க்கிற இடம் வேண்டாம். மசாலாவைக் கையால இடிக்க விடுவாங்களான்னு கேளுங்க, ரெடிமேட் விழுது கொடுத்தா அது சமையல் வகுப்பு இல்லை, கிளறுற வகுப்பு. சைவம்னா முன்னாடியே தெளிவாச் சொல்லுங்க. மீன் சாஸ் பப்பாளி சாலட்லயும் இருக்கும், இறால் விழுது கறி மசாலாவுலயும் இருக்கும், காய்கறி வதக்கல்ல சிப்பி சாஸ் இருக்கும். 'ஜே'ன்னு சொன்னா சுத்த சைவம்னு புரிஞ்சுப்பாங்க, பூண்டு வெங்காயம் கூட வராது. ஆறு ஐட்டத்துக்கு ஆசைப்படாதீங்க, மூணு போதும். மத்தியானமே வயிறு நிரம்பிடும்.

கடைசியா ஒண்ணு. வகுப்பு முடிஞ்சதும் ஒரு தடவை பின்பக்கம் எட்டிப் பாருங்க. நான் நன்றி கூடச் சொல்லாம வந்துட்டேன், நீங்க சொல்லிட்டு வாங்க.

போன ஞாயித்துக்கிழமை சுண்டைக்காய் காரக்குழம்பு வச்சேன். அம்மா ருசி பார்த்துட்டு, "உப்பு பத்தல, ஆனா குழம்பு ஆயிடுச்சு"ன்னாங்க. எனக்கு இதுவரைக்கும் கிடைச்ச சர்டிபிகேட்லயே பெருசு அதுதான். பாத்திரம் ஒன்பது ஆச்சு. 17-ல இருந்து ஒன்பது, அதுவும் ஒரு முன்னேற்றம்தானே?

சரி நண்பர்களே, இன்னிக்கு இவ்வளவுதான். இன்னிக்கு ராத்திரி வீட்டுக்கு போன் பண்ணும்போது, "சாப்டியா?"ன்னு அவங்கதான் முதல்ல கேட்பாங்க. நீங்களும் திருப்பிக் கேளுங்க. கேட்டுட்டு, பதில் வர்ற வரைக்கும் போனை வச்சிடாதீங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம். வணக்கம்.